பேட்டரி மாற்றியும் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, ஒரு வாரத்தில் சார்ஜ் இறங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்த பதில்களில் பாதி, "விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள்" என்கின்றன. பல்வலி என்று போனால் தலையை எடுக்கச் சொல்கிற வைத்தியம் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் என்ன வண்டி என்று எழுதவில்லை. இரண்டு இருக்கை, 20 வயது என்கிறீர்கள். இரண்டாவது கையாக வாங்கியிருப்பீர்கள், பழைய ஓனர் "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லியிருப்பார், வீட்டில் இப்போது உங்களோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை. சரிதானே? அடுத்த பேட்டரி வாங்கக் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது 2001 மாடல் சான் ஸ்டார்ம். கோவாவில் தயாரான, கூரை திறக்கும் சின்ன வண்டி. ரெனோவின் 1149 சிசி என்ஜின், 60 குதிரைத்திறன். "அறுபதுக்கெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயரா" என்று கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது, தெரியும். தரையோடு தரையாக உட்கார்ந்து, கூரையைத் திறந்துவிட்டு, சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு முறை போய்வந்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேளுங்கள். வண்டியின் பாடி முழுக்க ஃபைபர், அடியில் மட்டும் இரும்புச் சட்டம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். வீடு புதுச்சேரி குருசுக்குப்பத்தில். கடலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் தொந்தரவும் உங்களுடையதைப் போலத்தான் ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சோம்பலாக ஒரு சுற்று சுற்றும், அப்புறம் டக்டக்டக் என்று சத்தம் மட்டும். பேட்டரி மாற்றினேன், 4,300 ரூபாய். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. மறுபடி டக்டக். கடையில் வாரண்டியில் தர மறுத்துவிட்டார்கள். "சார்ஜ் ஏறாததற்கு பேட்டரி என்ன செய்யும்" என்றார்கள். நியாயம்தான், ஆனால் அன்றைக்கு எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை. இன்னொரு கடையில் இன்னொரு பேட்டரி வாங்கினேன்.

அப்புறம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். பெயர் வேண்டாம். அவர் என்ஜினை ஓடவிட்டு, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டார். என்ஜின் உடனே நின்றது. "பார்த்தீங்களா, டைனமோ போயிடுச்சு" என்றார். இந்தச் சோதனையை உங்கள் வண்டியில் யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அம்பாசிடர் காலத்து டைனமோவில், அதாவது என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் கருவியில், செய்து பழகிய வேலை அது. இப்போது அந்த இடத்தில் இருப்பது ஆல்டர்னேட்டர், அதில் பேட்டரிதான் மெத்தை மாதிரி. ஓடும்போது அதை உருவினால் மின்னழுத்தம் ஒரு நொடியில் தாறுமாறாக எகிறும். உள்ளே இருக்கும் டையோடு, ரெகுலேட்டர், வண்டியின் கம்ப்யூட்டர் எது வேண்டுமானாலும் போகலாம். என் கம்ப்யூட்டர் பிழைத்தது பாடலீஸ்வரர் புண்ணியம். கார்பன், ரெகுலேட்டர், பேரிங் என்று 3,600 ரூபாய்க்கு வேலை பார்த்து மாட்டிக் கொடுத்தார். நன்றாக ரேஸ் கொடுத்து, மீட்டர் வைத்து, 14.1 வோல்ட் என்று காட்டினார். மீட்டர் முனைகளை எங்கே வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

இதற்குள் அக்கா மகன் கல்யாணம் வந்தது. பெண் வீடு கடலூர், திருப்பாதிரிப்புலியூர். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்றான். "மாமா வண்டி இருக்கும்போது வாடகைக்கு எதற்கு" என்று அவனே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி 20 கிலோமீட்டருக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தேன். கோயில் வாசலில் நிறுத்திப் பூ அலங்காரம் செய்தார்கள். ஏழு மணிக்கு மாப்பிள்ளை பின்பக்கம் மேலே ஏறி உட்கார, முன்னால் நாயனம், இரண்டு பக்கமும் டியூப்லைட், கடைசியில் ஜெனரேட்டர் வண்டி. மண்டபம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது.

நாயனக்காரர்கள் பத்தடிக்கு ஒரு தரம் நின்றார்கள். நானும் நின்றேன். ஹெட்லைட் எரிய வேண்டும் என்று வீடியோக்காரர் சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் ஆனபோது ஹெட்லைட் மஞ்சளானது, அப்புறம் சிவப்பானது, அப்புறம் என்ஜின் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் அதுவும் இல்லை.

"மாமா, இறங்கித் தள்ளட்டுமா?" என்றான் மாப்பிள்ளை, பட்டு வேட்டியும் மாலையுமாக. தள்ளத்தான் தள்ளினார்கள், அவன் நண்பர்கள். இது கார்புரேட்டர் வண்டி இல்லை. பேட்டரி அந்த அளவு இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்பும் ஓடாது, கம்ப்யூட்டரும் விழிக்காது, மண்டபம் வரை தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. அத்தான் பக்கத்தில் வந்து, குரலை உயர்த்தாமல், "ஒரு இன்னோவா சொல்லியிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

யாரோ ஒரு சுமோவைக் கொண்டுவந்து ஜம்பர் கேபிள் போட்டார்கள். பேட்டரிக்கு பேட்டரி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அப்போதும் செல்ஃப் முனகியதே தவிரச் சுற்றவில்லை. நல்ல பேட்டரியிலிருந்து கரண்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரே போய்விட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அப்போதுதான் ஜெனரேட்டர் வண்டிக்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். எட்டிப் பார்த்துவிட்டு ஆக்சிலரேட்டர் கேபிளில் விரலை வைத்தார், சட்டென்று எடுத்தார். "சுடுது சார். உங்க வண்டியில எர்த் இல்ல."

கறுப்புக் கிளிப்பை பேட்டரியிலிருந்து எடுத்து நேராக என்ஜினில் ஒரு போல்ட்டில் மாட்டினார். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் விர்ரென்று சுற்றியது, ஸ்டார்ட். நாயனம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. ஜெனரேட்டர்காரர் ரேஸ் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன், ஒரு கட்டத்தில் ஹெட்லைட் பளிச்சென்று வெள்ளையானது. "இப்பதான் டைனமோ முழிக்குது. இதையும் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். எர்த் என்றால் கரண்ட் இரும்புச் சட்டம் வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி. என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. சட்டத்தையும் என்ஜினையும் இணைப்பது ஒரு முழ நீளப் பின்னல் செம்புப் பட்டை. செல்ஃப் இழுப்பது 100 ஆம்பியருக்கு மேல், அவ்வளவும் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். என்னுடையதைக் கழற்றினால் லக்குக்குள், அதாவது போல்ட்டில் மாட்டும் முனை வளையத்துக்குள், பச்சையாகக் களிம்பு, பட்டை கையோடு உதிர்ந்தது. 18 வருடத்தில் பாதிக்கு மேல் கடற்காற்றுப் பக்கத்தில், 2011 'தானே' புயலில் வந்த உப்புக் காற்று வேறு. வழி அடைத்தால் கரண்ட் வேறு வழி தேடும். தகர பாடி வண்டியில் அங்கங்கே நாலு ஓட்டை வழி கிடைக்கும். ஃபைபரில் எங்கே கிடைக்கும்? ஆக்சிலரேட்டர் கேபிள்தான் கிடைத்தது. ஆல்டர்னேட்டரின் உடம்பும் என்ஜினில்தான் இருக்கிறது, அதற்கும் திரும்பும் வழி இதே பட்டைதான். ஆல்டர்னேட்டரில் மீட்டர் வைத்தால் 14.1 காட்டும், பேட்டரியில் வைத்தால் 13.2. எலக்ட்ரீஷியன் பொய் சொல்லவில்லை, வேறு இடத்தில் உண்மை சொல்லியிருக்கிறார்.

வெல்டிங் கேபிள் இரண்டு அடி வாங்கி, இரண்டு பக்கமும் செம்பு லக் அடித்து, தொடும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசினேன். 400 ரூபாய். பூசிவிட்டு இறுக்காதீர்கள், இறுக்கிவிட்டுப் பூசுங்கள்.

சார்ஜ் தொந்தரவு இன்னும் கேவலம். சாவியை ஒரு கட்டம் திருப்பினால் மீட்டர் போர்டில் சிவப்பு பேட்டரி லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். என் வண்டியில் அது எரிவதே இல்லை. எரியவில்லை என்றால் குறை இல்லை என்று இரண்டு வருடம் சந்தோஷமாக இருந்தேன்! இந்தப் பழைய வகை ஆல்டர்னேட்டரில் முதல் சொட்டு கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. அதில்தான் காந்தம் பிடிக்கும். பல்பு ஃபியூஸ் ஆனால் ஆல்டர்னேட்டர் தூங்கும். நன்றாக ரேஸ் கொடுத்தால் மிச்சமிருக்கும் காந்தத்தில் தானே விழித்துக்கொள்ளும், என்ஜினை அணைக்கும் வரை வேலை செய்யும். கடலூர் ரோட்டில் ஓட்டினால் சார்ஜ் ஏறியதும், மார்க்கெட்டுக்குப் போய்வந்தால் இறங்கியதும், டெர்மினலைக் கழற்றியதும் என்ஜின் நின்றதும், எல்லாம் இதனால்தான். ஊர்வலத்தில் கேட்கவே வேண்டாம். ஹெட்லைட் இரண்டுக்கும் 9 ஆம்பியர், ரேடியேட்டர் ஃபேன் பத்துக்கு மேல், பம்ப், இக்னிஷன். எல்லாவற்றுக்கும் பேட்டரி ஒன்றே படியளந்துகொண்டிருந்தது. புது பல்பு 20 ரூபாய். வீட்டில் பேட்டரி கணக்கு தெரியும், இந்தக் கணக்கை இன்றுவரை சொல்லவில்லை.

"மீட்டர் வைத்துப் பார்த்தால் பத்து நிமிட வேலை, இதற்கு ஒரு கதையா" என்று யாராவது எழுதுவார்கள். எழுதுங்கள். நான் கணக்கு எழுதுகிறவன், மெக்கானிக் இல்லை. பத்து நிமிடத்தில் பார்க்கத் தெரிந்த மூன்று பேரிடம் காசும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் 300 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி நின்ற வண்டியில் காலையில் பேட்டரி 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு பேட்டரி மைனஸிலும் என்ஜின் இரும்பிலும் முனைகளை வையுங்கள். 0.2, 0.3க்கு மேல் காட்டினால் எர்த்தைத் தேடுங்கள். என்னுடையது 1.9 காட்டியது, இப்போது 0.1. ஓடும்போது பேட்டரி முனையிலேயே 13.8க்கும் 14.5க்கும் நடுவில் வர வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் வாரத்தில் இறங்கினால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைத் தொடராக வைத்து எவ்வளவு ஒழுகுகிறது என்று பாருங்கள். அப்படி வைத்திருக்கும்போது மறந்துபோய் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். 50 மில்லிஆம்பியருக்குள் என்றால் பரவாயில்லை. அரை ஆம்பியர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி, சின்ன பேட்டரி மூன்றாம் நாள் காலி. பெரும்பாலும் பழைய ஓனர் மாட்டிய ஸ்டீரியோவாகத்தான் இருக்கும்.

வண்டியை நிறுத்தியே வைத்தாலும் இறங்கும், வாரம் ஒரு முறையாவது எடுங்கள் என்று சொல்லலாம். நானே எடுக்க முடிவதில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி வெளியூர் வண்டிகள் வந்து குவிந்தால் ஞாயிறு சாயங்காலம் வரை எங்கள் தெருவில் கேட்டைத் திறக்க முடியாது. கடற்கரைச் சாலையை மாலை ஆறு மணிக்கு அடைத்துவிடுகிறார்கள், வந்தவர்கள் எங்கே நிறுத்துவார்கள்? என் கேட்டுக்கு முன்னால்தான். கேட்டில் நான் எழுதிவைத்திருக்கும் "வண்டி நிறுத்தாதீர்கள்" பலகைக்குப் பக்கத்தில் நின்று, காகிதப்பூ தெரியும்படி ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் பலகையும் படத்தில் வர வேண்டும் என்று என்னையே எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

சரி, அது வேறு கதை. நீங்கள் அளந்த மூன்று எண்களையும், சாவியைத் திருப்பும்போது அந்தச் சிவப்பு லைட் எரிகிறதா இல்லையா என்பதையும் எழுதுங்கள்.