கோவிட்டுக்கு அப்புறம் தூக்கம் போச்சு, மைக்ரேன் கூடிப்போச்சு: தூக்க மாத்திரை போடலாமா?

வாசகி ஒருத்தங்க எழுதியிருக்கறதை சுருக்கமா சொல்லிடறேன். வயசு 36, காலேஜ் காலத்துல இருந்தே மைக்ரேன், மாசத்துக்கு மூணு நாலு தடவை வரும், மாத்திரை போட்டு படுத்தா போயிடும். அஞ்சு மாசம் முன்னாடி கோவிட் வந்து வீட்லயே சரியாயிடுச்சு, ஆனா அதுக்கப்புறம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வர்றதில்ல, வந்தாலும் அஞ்சு மணிக்கே தலைவலியோட முழிப்பு வந்துடுது, இப்ப வாரத்துல நாலஞ்சு நாள் வலி மாத்திரை போடற நிலைமை. "தூக்கம் இல்லாததால தலைவலியா, தலைவலியால தூக்கம் இல்லையா, இல்ல எல்லாமே கோவிட்டா டாக்டர்? தூக்க மாத்திரை ஒண்ணு எழுதி வாங்கிக்கலாமா?"

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்மா. தூக்க மாத்திரையில இருந்து ஆரம்பிக்க வேண்டாம். உங்க கடிதத்துல என் கண்ணை உறுத்தறது அந்த வாரத்துக்கு நாலஞ்சு நாள் வலி மாத்திரை தான், அதுக்கு கீழ வரேன். எது எதால வந்துச்சுன்னு தெரிஞ்சா தான் சரி பண்ண முடியும்னு நினைச்சு நிறைய பேர் டெஸ்ட், ஸ்கேன்னு மாசக்கணக்கா அலையறாங்க. இந்த கட்டத்துல கோவிட், தூக்கம், தலைவலி மூணும் ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டு நிக்கும், சிக்குப் பிடிச்ச நூல் மாதிரி, எந்த முனை கைக்கு எட்டுதோ அதைப் பிடிச்சு அவிழ்க்க வேண்டியது தான். உங்களுக்கு எட்டற முனை ரெண்டு: காலைல எழுந்திரிக்கற நேரம், அப்புறம் மாத்திரை கணக்கு.

ஏன் இப்படி மாட்டிக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன். மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்ன பகுதி இருக்கு, தூக்கம் முழிப்பு நேரத்தை பாத்துக்கறதே அது தான், மைக்ரேன் அட்டாக் வர்றதுக்கு முந்தின நாளே அதோட வேலை மாறிடுதுன்னு ஸ்கேன் ஆராய்ச்சியிலயும் பாத்திருக்காங்க. வலி வர்றதுக்கு முன்னாடி கொட்டாவி கொட்டாவியா வருதில்ல, சும்மாவே அசதியா இருக்கும், இனிப்பு சாப்பிடணும் போல இருக்கும், அதுக்கெல்லாம் இந்த இடம் தான் காரணம்னு நினைக்கறோம். இதுல கோவிட் மாதிரி ஒரு இன்ஃபெக்ஷன் வந்தா உடம்பு சைட்டோகைன்னு சொல்ற ரசாயனங்களை நிறைய சுரக்குது, அது தலையில வலி கொண்டு போற ட்ரைஜெமினல் நரம்பையும் உசுப்பி விடும், தூக்கத்தையும் துண்டு துண்டாக்கும். பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல இது அடங்கிடும், ஏற்கனவே மைக்ரேன் இருக்கறவங்களுக்கு இழுத்துட்டுப் போறதுக்கு வாய்ப்பு அதிகம்.

அப்ப இது லாங் கோவிட்டான்னு அடுத்த கேள்வி வரும். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபர்ல ஒரு விளக்கம் கொடுத்துச்சு: கோவிட் வந்து மூணு மாசம் ஆன பிறகும் தொந்தரவு இருக்கணும், அது ரெண்டு மாசமாவது நீடிச்சிருக்கணும், வேற நோயால வந்ததுன்னு சொல்ல முடியாததா இருக்கணும். அந்த கடைசி நிபந்தனையை தான் எல்லாரும் மறந்துடறாங்க. வேற காரணம் இருக்கான்னு பாக்காமலே எல்லாத்தையும் கோவிட் தலையில கட்டறது எனக்கு சுத்தமா பிடிக்காது, ஏன்னா உங்க கடிதத்துலயே வேற ரெண்டு காரணம் கண்ணுக்கு தெரியுது.

ஒண்ணு, "படுத்தா போயிடும்"னு எழுதியிருக்கீங்க. மைக்ரேன்காரங்க எல்லாரும் பண்றது தான், வலி வந்தா திரையை இழுத்து விட்டு லைட்டை அணைச்சு படுத்துடுவோம், மாசம் நாலு தடவைன்னா ஒரு பிரச்சனையும் இல்ல. ஆனா கோவிட்டுக்கு அப்புறம் வலி அடிக்கடி வருது, உடம்பும் அசதியா இருக்கு, அதனால பகல்ல இருட்டுல படுத்திருக்கற நேரம் கூடிட்டே போகுது, நடுவுல ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் கண்ணசந்துடுது. இதுல ரெண்டு சேதாரம். ராத்திரிக்குன்னு சேர வேண்டிய தூக்கக் களைப்பு பகல்லயே செலவாயிடுது, அதோட மூளைக்கு இது பகல்னு சொல்ற வெளிச்சம் கிடைக்காம உள்ள இருக்கற கடிகாரம் பின்னாடி தள்ளிப்போகுது. அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கம் வரலைன்னு புரளறோம், புரள புரள படுக்கைன்னாலே முழிச்சுட்டு இருக்கற இடம்னு மூளை பழகிடுது. வாரத்துல மூணு ராத்திரியாவது, மூணு மாசத்துக்கு மேல இப்படி போனா அதுக்கு நாள்பட்ட தூக்கமின்மைன்னு பேரு, அப்ப ஆரம்பிச்சு வச்ச வைரஸ் எப்பவோ போயிருந்தாலும் தூக்கமின்மை தன்னால ஓடிட்டே இருக்கும்.

ரெண்டாவது, மாத்திரை கணக்கு. சாதா பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் வகையறா மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, மைக்ரேனுக்குன்னே கொடுக்கற ட்ரிப்டான் மாத்திரையோ ரெண்டு மூணு மருந்து கலந்த வலி மாத்திரையோ 10 நாளோ அதுக்கு மேலயோ, இப்படி மூணு மாசத்துக்கு மேல போனா மருந்தே தலைவலியை உண்டாக்க ஆரம்பிச்சுடும். இங்க கணக்கு எத்தனை மாத்திரைங்கறது இல்ல, எத்தனை நாள்ங்கறது. வாரத்துக்கு நாலஞ்சு நாள்னா மாசத்துக்கு 16 நாளை தாண்டிடுச்சு, எந்த மாத்திரையா இருந்தாலும் நீங்க கோட்டைத் தாண்டி நிக்கறீங்க. விடியக்காலைல வலியோட முழிப்பு வர்றதும் இந்த மருந்துத் தலைவலியில சகஜம், ராத்திரி முழுக்க மருந்து இறங்கியிருக்குமில்ல. இன்னொண்ணு, அட்டையை திருப்பிப் பாருங்க, தலைவலிக்குன்னு விக்கற கலவை மாத்திரை நிறையத்துல கஃபீன் இருக்கு. அது உடம்புல பாதியா குறையவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், சாயங்காலம் ஆறு மணிக்கு போட்டா பதினொரு மணிக்கும் பாதி உள்ள இருக்கும். காபி டீயை நிறுத்திட்டேன் அப்பவும் தூக்கம் இல்லன்னு சொல்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது மாத்திரை பேரைத் தான்.

சரி, என்ன பண்றது. எழுந்திரிக்கற நேரம் ஒண்ணை முடிவு பண்ணுங்க, காலைல ஆறரைன்னு வச்சுக்குவோம், ராத்திரி எப்படி போனாலும் ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் ஆறரை தான். லீவு நாள்ல சேத்து தூங்கினா மைக்ரேன்காரங்களுக்கு அதுவே அட்டாக் கொண்டு வரும், இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். எழுந்ததும் அரை மணி நேரம் வெளி வெளிச்சத்துல இருங்க, கண் கூசினா நிழல்ல உக்காருங்க, நேரா சூரியனைப் பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. படுக்கப் போற நேரத்தை மட்டும் தள்ளுங்க, இப்ப பத்து மணிக்கே படுத்து நாலு மணி நேரம் புரளறீங்கன்னா பதினொன்னரைக்கு படுங்க. தூக்கம் வராம இருபது நிமிஷம் ஆச்சுன்னு தோணுச்சுன்னா (கடிகாரம் பாக்காதீங்க, தோணினா போதும்) எழுந்து வேற ரூம்ல மங்கலான வெளிச்சத்துல எதாவது போரடிக்கற வேலை பாத்துட்டு, கண் சொக்கும்போது திரும்பி வாங்க. பகல்ல வலி வந்து கண்ணை மூடியே ஆகணும்னா படுக்கையை விட்டுட்டு சாய்வு நாற்காலியில, மூணு மணிக்கு முன்னாடி, இருபது நிமிஷம் அலாரம் வச்சுட்டு.

இதெல்லாம் சேந்தது தான் தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சை, சி.பி.டி.ஐ.ன்னு சொல்வாங்க, அமெரிக்க மருத்துவர் கல்லூரிங்கற டாக்டர்கள் அமைப்பு 2016லயே இதைத் தான் மாத்திரைக்கு முன்னாடி முதல் சிகிச்சையா வச்சுது. ஆனா மைக்ரேன் இருக்கறவங்க இதுல ஒண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்க வேண்டாம். படுக்கையில இருக்கற நேரத்தை ஒரேயடியா அஞ்சு அஞ்சரை மணி நேரமா வெட்டற முறை ஒண்ணு உண்டு, திடீர்னு தூக்கம் குறைஞ்சா அட்டாக் வந்து ஆளே சோர்ந்து விட்டுடுவாங்க. ஆறு மணி நேரத்துக்கு கீழ போகாம, வாரத்துக்கு அரை மணி நேரம்னு மெதுவா குறைங்க, நல்லா தூங்க ஆரம்பிச்சதும் அதே மாதிரி மெதுவா கூட்டுங்க. இன்னொரு எச்சரிக்கை, கோவிட்டுக்கு அப்புறம் சிலருக்கு கொஞ்சம் அலைஞ்சா அடுத்த நாளோ அதுக்கு மறுநாளோ அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடும். அப்படி இருக்கறவங்க நல்லா களைச்சா தூக்கம் வரும்னு எக்ஸர்சைஸ்ல இறங்கக் கூடாது, வேலையை துண்டு துண்டா பிரிச்சு நடுநடுவுல உக்காந்து தான் செய்யணும்.

வலி மாத்திரையை குறைக்கும்போது ரெண்டு நாள்ல இருந்து பத்து நாள் வரைக்கும் வலி கூடும், தூக்கமும் இன்னும் கெடும், இதை முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கங்க, இல்லன்னா மூணாவது நாள் மாத்திரை திரும்ப வந்துடும். சாதா வலி மாத்திரையையும் ட்ரிப்டானையும் சட்டுனு நிறுத்தலாம், ஓபியாய்டுன்னு சொல்ற, பழக்கமாயிடற வகை வலி மருந்து கலந்ததுன்னா டாக்டர் இல்லாம நிறுத்தாதீங்க.

மருந்து வேணவே வேணாம்னு நான் சொல்லலை. மாசத்துல பாதி நாள் வலின்னா அட்டாக் வராம தடுக்க தினமும் போடற மருந்து தேவை தான், அதைத் தேர்ந்தெடுக்கும்போது தூக்கத்தையும் கணக்குல வச்சா ஒரே மருந்துல ரெண்டு வேலை ஆகும். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம்ல இருந்து ஆரம்பிச்சு, படுக்கறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி போட்டா வலியும் குறையும் தூக்கமும் வரும். வாய் வறளும், எடை கூடலாம், எழுந்து நின்னா படபடப்பு தலைசுத்தல் இருக்கறவங்க முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லணும், அந்தப் படபடப்பு கோவிட்டுக்கு அப்புறம் கொஞ்சம் பேருக்கு வருது. ப்ரொப்ரனலால் நல்ல மருந்து தான், ஆனா சிலருக்கு தூக்கத்தைக் கெடுத்து கெட்ட கனவா வரும், ஆஸ்துமா இருந்தா தொடவே கூடாது. மெலடோனின் 3 மில்லிகிராம் ராத்திரியில கொடுத்து மைக்ரேனுக்கு பலன் இருக்குன்னு 2016ல ஒரு பிரேசில் ஆய்வு வந்துச்சு, பெரிய கெடுதல் இல்லாததால டாக்டர் சம்மதிச்சா முயற்சி பண்ணலாம், அதிசயம் நடக்கும்னு எதிர்பாக்க வேண்டாம். பென்சோடயசிபைன் வகை தூக்க மாத்திரை தான் எனக்கு உடன்பாடே இல்லாதது, நாலு நாள் சுகமா இருக்கும், அப்புறம் அது இல்லாம கண்ணை மூட முடியாது. ஏற்கனவே போட்டுட்டு இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு திடீர்னு நிறுத்திடாதீங்க, ஃபிட்ஸ் வரலாம்.

அஞ்சு மணி தலைவலிக்கு வேற காரணம் இருக்கான்னும் ஒரு தடவை பாத்துடணும். குறட்டை விடறீங்களா, மூச்சு நின்னு நின்னு வருதான்னு வீட்ல கேளுங்க, ஸ்லீப் ஆப்னியாவால வர்ற தலைவலி பெரும்பாலும் ரெண்டு பக்கமும் அழுத்தற மாதிரி இருந்து எழுந்து நாலு மணி நேரத்துல போயிடும். படுத்ததும் கால் குடையுதுன்னா ரத்தத்துல ஃபெரிட்டின், அதாவது உடம்புல இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு பாருங்க. ஒரு கண்ணைச் சுத்தி மட்டும் தாங்க முடியாத வலி வந்து அந்தக் கண்ணுல தண்ணி கொட்டி, படுக்க முடியாம எழுந்து நடக்க வைக்குதுன்னா அது க்ளஸ்டர் தலைவலியா இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற.

திடீர்னு இடி விழுந்த மாதிரி வர்ற வலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப் போறது, பேச்சு குழறறது, ஃபிட்ஸ், இதுல எது வந்தாலும் தூக்கம் தலைவலின்னு யோசிக்காம நேரா எமர்ஜென்சி. படுத்தாலோ இருமினாலோ கூடற வலி, பார்வை மங்கறது, இதுவும் தள்ளிப்போடற விஷயம் இல்ல, கோவிட்டுக்கு அப்புறம் மூளை ரத்தக்குழாய்ல ரத்தம் உறையறது அபூர்வமா நடக்கும், சீக்கிரம் பாத்தா காப்பாத்திடலாம்.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரத்துக்கு படுத்தது, எழுந்தது, வலி, மாத்திரை பேரு நாலையும் தினமும் ஒரு வரி எழுதிட்டுப் போங்க, அதுல பாதி விடை இருக்கும். அடுத்த தடவை கோவிட் வந்து பாக்ஸ்லோவிட் எழுதிக் கொடுத்தா நீங்க போடற மைக்ரேன் மாத்திரையை மறக்காம காட்டுங்க, எர்கோட்டமினோ எலெட்ரிப்டானோ அதோட சேரவே கூடாது.