கார், கப்பல் என்று பல தொழில் செய்த தென்கொரியாவின் டேவூ குழுமம் அவ்வளவு உயரத்துக்குப் போயும் ஏன் உடைந்தது?

பலரும் 1997 ஆசிய நிதி நெருக்கடியைக் காரணம் சொல்வார்கள். ஆனால் அதே நெருக்கடியில் அடிபட்ட சாம்சங்கும் எல்ஜியும் இன்றும் இருக்கின்றனவே. கணக்கு எழுதுவதே தொழிலாகக் கொண்டவன் நான். என் பார்வையில், டேவூவை வளர்த்த வித்தையே அதை முடித்தும் வைத்தது.

டேவூவின் நிறுவனர் கிம் வூ சூங் 1967-ல் சியோலில் சின்னதாகத் தொடங்கியது துணி ஏற்றுமதிதான். வித்தை 1976-ல் ஆரம்பிக்கிறது. பல வருடமாக நஷ்டத்தில் கிடந்த ஓர் இயந்திரத் தொழிற்சாலையை அரசு அவர் தலையில் கட்டியது. மனிதர் மாதக்கணக்கில் ஆலையிலேயே தங்கி, படுத்து எழுந்து, அதை லாபத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்புறம் 1978-ல் ஓக்போ கப்பல் கட்டும் தளம்: இன்னொருவர் பாதியில் விட்டுப்போனது, அதையும் எடுத்து 1981-ல் முடித்தார். வித்தை இதுதான்: மூழ்குகிற கம்பெனியை வாங்கு, அதன் கடனையும் சேர்த்துச் சும, அரசு சொன்னால் வங்கி மேலும் கொடுக்கும். இருபது வருடம் இது பலித்தது. ருமேனியா, போலந்து, உஸ்பெகிஸ்தான் என்று கார் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன.

நெருக்கடி வந்ததும் பலர் விற்றுச் சுருங்கினார்கள். கிம்மோ 1998 தொடக்கத்தில் கடனில் தத்தளித்த சாங்யாங் மோட்டார் என்ற கார் கம்பெனியை வாங்கினார்! அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். வட்டி எகிறிக் கிடந்த நேரம் அது, சொந்த மூலதனத்தோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு என்ற விகிதத்தைக் குறைக்கச் சொல்லி அரசே நெருக்கிய நேரம். பழைய வித்தை பலிக்க மலிவான கடன் வேண்டும், கைகொடுக்க அரசும் வேண்டும். இரண்டுமே அப்போது இல்லை. 1999 ஆகஸ்டில் கடன் கொடுத்தவர்கள் கைக்கு நிர்வாகம் போனது. கணக்கைத் திறந்து பார்த்தால் சுமார் 41 லட்சம் கோடி வொன் (கொரிய நாணயம்) அளவுக்குப் பொய்க் கணக்கு. இதில் கிம்முக்காக நான் பரிந்து பேச மாட்டேன், நஷ்டத்தை மறைத்த ஒவ்வொரு வருடமும் கடன்தான் பெருத்தது.

கிம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். 2005-ல் திரும்பியதும் கைது, தண்டனை, பிறகு மன்னிப்பு. ஆனால் 2001 பிப்ரவரியில் டேவூவின் புப்யோங் கார் ஆலையில் ஒரே அடியாக சுமார் 1,750 பேரை வேலையை விட்டு நிறுத்தினார்களே, பெண்டாட்டி பிள்ளைகளோடு உள்ளே உட்கார்ந்து போராடியவர்களைக் கலவரத் தடுப்புப் போலீஸ் வந்து வெளியேற்றியதே, அவர்களில் யார் பொய்க் கணக்கு எழுதினார்கள்? பின்னாளில் பலரைத் திரும்ப எடுத்தார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

மற்றபடி உடைந்த துண்டுகள் சாகவில்லை. கார் பிரிவு 2002-ல் ஜெனரல் மோட்டார்ஸிடம், குன்சான் லாரி ஆலை 2004-ல் டாடாவிடம், வணிகப் பிரிவு 2010-ல் போஸ்கோ என்ற எஃகு நிறுவனத்திடம் போயின. ஓக்போ கப்பல் தளம் அரசு வங்கியின் பிடியில் பல வருடம் இருந்து 2023-ல் ஹன்வா என்ற இன்னொரு கொரியக் குழுமத்திடம் சேர்ந்தது. அங்கே இப்போதும் கப்பல் கட்டுகிறார்கள், டேவூ என்ற பெயர்தான் இல்லை.