இசை படித்த மகள் குற்றவியல் நீதியை ஆராய விரும்பினால்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

இசையில் இளங்கலை முடிக்கவிருக்கும் உங்கள் மகள், இசைக் கல்வியையும் குற்ற வழக்குகளில் எல்லோருக்கும் ஒரே நீதி கிடைக்கிறதா என்ற கேள்வியையும் சேர்த்து அமெரிக்காவில் ஆராய விரும்புகிறார் என்றும், அப்படி ஒரு படிப்பு உண்டா, அது சோறு போடுமா என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரில் துறை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆராய்ச்சி இருக்கிறது, நீதிமன்றத் தீர்ப்புகளையும் சட்டங்களையும் ஒட்டியே அது நடக்கிறது.

நியூ ஜெர்சியில் ஸ்கின்னர் வழக்கு என்று ஒன்று. அந்தக் கொலை முயற்சி வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் எழுதி வைத்திருந்த ராப் (கறுப்பின அமெரிக்கர்களிடையே பிறந்த, தாளத்தோடு பேசுவதுபோல் பாடும் இசை) பாடல் வரிகளை 13 பக்க அளவுக்கு அரசுத் தரப்பு, வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்குப் படித்துக் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை சம்பவத்துக்கு வெகு காலம் முன்பே எழுதப்பட்டவை. 2014-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம், பாடலுக்கும் குற்றத்துக்கும் வலுவான தொடர்பு இருந்தாலன்றி இத்தகைய வரிகளைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2022-ல் கலிபோர்னியா மாநிலம், ஒருவரது கலைப்படைப்பை அவருக்கு எதிரான சாட்சியமாக அனுமதிக்குமுன், அது இனப் பாரபட்சத்தைக் கிளறிவிடுமா என்பதையும் நீதிபதி எடைபோட வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தது.

இந்த விவாதத்துக்குப் பின்புலமாக இருந்த ஆய்வுகளில் ஒன்றை உங்கள் மகள் அவசியம் படிக்க வேண்டும். உளவியலாளர் கேரி ஃப்ரைட் 1996-ல் வெளியிட்ட அந்த ஆய்வில், காவலரைச் சுட்டவன் பாடுவதாக அமைந்த பழைய நாட்டுப்பாடல் ஒன்றின் வரிகளைச் சிலரிடம் ராப் என்றும் சிலரிடம், பெரும்பாலும் வெள்ளையரோடு சேர்த்துப் பார்க்கப்படும் கன்ட்ரி இசைப் பாடல் என்றும் சொல்லிப் படிக்கக் கொடுத்தார். வரிகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் ராப் என்று நம்பிப் படித்தவர்களே அதை அதிக ஆபத்தானதாகக் கருதினார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் சாரிஸ் குப்ரினும் சக ஆய்வாளர்களும் இதே கேள்வியை மீண்டும் சோதித்து 2016-ல் வெளியிட்டபோதும் அந்த வேறுபாடு மறையவில்லை. காதலனுக்காக ஏங்கும் பெண்ணின் குரலில், அதாவது நாயகி பாவத்தில், பதம் என்னும் இசைப்பாடலைப் பாடும் ஆண் பாடகர் தம் சொந்தக் கதையைச் சொல்கிறார் என்று நம் சபைகளில் யாரும் எண்ணுவதில்லை. பாடுபவர் வேறு, பாட்டில் பேசும் குரல் வேறு என்பது இசை மாணவிக்குப் பயிற்சியிலேயே ஊறிப்போன அறிவு. சட்டம் மட்டும் படித்து வருபவர் இதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். உங்கள் மகளுக்கு இருக்கும் உண்மையான பலம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இன்னொரு கிளை சிறைக்குள் நடக்கும் இசைக் கல்வி. அயோவா பல்கலைக்கழகத்தின் இசைக் கல்விப் பேராசிரியர் மேரி கோயன் 2009-ல் ஓக்டேல் சிறையில் ஒரு சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். சிறைவாசிகளும் வெளியிலிருந்து வந்த பாடகர்களும் ஒரே வரிசையில் நின்று பாடினார்கள். சிறைவாசிகள் எழுதிய பாடல்களும் மேடையேறின.

எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்பதை இந்த இரண்டில் எது மகளின் கேள்வி என்பதே தீர்மானிக்கும். பாடல் வரிகளை ஜூரி எப்படி எடுத்துக்கொள்கிறது என்று அறிய வேண்டுமானால் குற்றவியல் அல்லது உளவியல் துறை. புள்ளியியலைத் தவிர்க்க முடியாது. சிறைக்குள் கற்பித்தல் என்றால் இசைக் கல்வித் துறை. அங்கே நேர்காணலும் நீண்ட காலக் கள அவதானிப்பும் தேவை. சிறைவாசிகளை உட்படுத்தும் ஆய்வுக்கு அமெரிக்காவில் கூடுதல் பாதுகாப்பு விதிகள் உண்டு: அரசு நிதியில் நடக்கும் அத்தகைய ஆய்வைப் பரிசீலிக்கும் குழுவில் ஒரு சிறைவாசியோ அவர்களுக்கான பிரதிநிதியோ இடம்பெற வேண்டும். அனுமதி கிடைக்கவே மாதங்கள் ஆகலாம் என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். அங்கே முதுகலைப் படிப்புக்குப் பெரும்பாலும் கைப்பணம்தான் செலவாகும். முனைவர் பட்டத்துக்குப் பல துறைகள் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் தருகின்றன. ஆகவே வீட்டை அடகு வைத்து இரண்டாண்டு முதுகலைக்கு அனுப்பும் யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்திலோ திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ குற்றவியல் முதுகலை முடித்து, ஆய்வு முறைகளைக் கற்ற பிறகு முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பது செலவிலும் தகுதியிலும் நல்ல வழி; சேர்க்கைத் தகுதியை மட்டும் முதலில் அந்தத் துறைகளிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வேலை என்று பார்த்தால் பேராசிரியர் பணி, சட்டக் கொள்கை ஆய்வு அமைப்புகள், சிறைக் கல்வித் திட்டங்கள் ஆகியவை உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் ஆய்வு வடிவமைப்பும் புள்ளியியலும் கைவந்தவருக்குக் கல்வி, சுகாதாரம், சமூகநலம் என்று வேறு ஆய்வுத் துறைகளும் திறந்திருக்கின்றன.

இப்போதைக்கு மகள் ஒரு பக்கம் மட்டும் எழுதட்டும்: யாரைப் பற்றிய கேள்வி, எங்கே ஆராய்வது, எந்தத் தரவைக் கொண்டு விடை காண்பது. பிறகு, அந்தக் கேள்விக்கு நெருங்கிய ஆய்வுகளைச் செய்துள்ள மூன்று நான்கு பேராசிரியர்களின் கட்டுரைகளைப் படித்து, அவற்றைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பலாம். அந்தப் பக்கத்தை முதலில் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கேள்வி எந்த இடத்தில் அகலமாக இருக்கிறது என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.