மகள் மாஃபியாவைப் பற்றிப் படிக்க விரும்புகிறாள்: பருத்தித்துறைத் தாய் ஒருவருக்குப் பதில்

மதிப்புக்குரிய அம்மா,

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த உங்கள் மகள், வங்கி வேலையையோ ஆசிரியத் தொழிலையோ நாடாமல், திட்டமிட்ட குற்றக் குழுக்களைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகவும், கனடாவில் இருக்கும் உங்கள் தமையனார் அதைக் கேட்டுவிட்டுப் “பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்ன படிப்பு” என்று தொலைபேசியில் சத்தம் போட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். வாள்வெட்டு, கேரளக் கஞ்சா, ஐஸ் போதைப்பொருள் என்று நாள்தோறும் செய்தி வரும் ஊரில் இருந்துகொண்டு ஒரு தாய் இதற்கு அஞ்சாமல் இருந்தால்தான் வியப்பு. ஆயினும் நீங்கள் அஞ்சுகின்ற வேலை வேறு, இந்தத் துறையில் நடக்கின்ற வேலை வேறு. அதன் பெரும்பகுதி கணக்கேடுகளையும் வங்கிப் பதிவுகளையும் கம்பனி ஆவணங்களையும் சட்டப் பிரிவுகளையும் பொறுமையாக வாசிப்பதாகும். கணக்கீட்டில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளைக்கு இது தூரத்து விருப்பமே அல்ல. இதை வெறும் ஆறுதலாகச் சொல்லவில்லை. இந்தக் குழுக்களின் வரலாறே அப்படித்தான் இருக்கிறது.

மாஃபியா பிறந்த இத்தாலியின் சிசிலித் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1812 இல் நிலமானிய முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1861 இல் தீவு புதிய இத்தாலிய இராச்சியத்தின் பகுதியானது. நிலம் கைமாறியது, வாங்குவோரும் விற்போரும் பெருகினர், ஆனால் வாங்கியவனின் சொத்தைக் காப்பாற்றிக் கொடுக்கவும் ஏமாற்றியவனைத் தண்டிக்கவும் போதிய பொலிசும் நீதிமன்றமும் அங்கே இருக்கவில்லை. தீவின் தலைநகரான பலேர்மோவைச் சுற்றியிருந்த எலுமிச்சைத் தோட்டங்கள் அக்காலத்தில் மிகுந்த வருமானம் தந்தவை. கடலோடிகளுக்கு வரும் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை மருந்து என்று தெரிந்த பிறகு வெளிநாட்டுக் கேள்வி ஏறிக்கொண்டே போனது. சுவரேறிக் குதித்தால் ஒரே இரவில் ஓராண்டு விளைச்சல் போய்விடும் என்ற நிலையில், தோட்டக்காரர் காவலுக்கு ஆள் தேடினர். காவல் காப்பவனே, கப்பம் தராத தோட்டத்தில் திருட்டும் நடத்துபவனாக இருந்தான். 1876 இல் அந்தத் தீவுக்கு நேரில் சென்று ஆராய்ந்த லியோபோல்டோ பிராங்கெட்டி என்ற இத்தாலிய ஆய்வாளர், அங்கே வன்முறை ஒரு தொழிலாகவே நடத்தப்படுவதை விளக்கினார். முதலீடு, இலாபம், வாடிக்கையாளர், போட்டியாளர் என்ற உங்கள் மகளின் பாடப்புத்தகச் சொற்களைக் கொண்டே அதை எழுதிவிடலாம்.

அடுத்த பாடம் அமெரிக்காவில் இருக்கிறது. 1920 முதல் 1933 வரை அங்கு மதுவிலக்கு நடைமுறையில் இருந்தபோது, குடிப்பவர்களின் தாகம் அப்படியே இருக்க, அதைத் தீர்க்கும் வணிகம் மட்டும் கும்பல்களின் கைக்குப் போனது. இதை விளங்கிக்கொள்ள நமக்குச் சிக்காகோ வரை போகத் தேவையில்லை. 2020 இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை வானுக்கு ஏறியபோது, சமையலறை மஞ்சள் பாக்குநீரிணையில் படகேறி வந்ததையும் கடற்படை அதை மூட்டை மூட்டையாகப் பிடித்ததையும் நாம் பார்த்தோம். அதற்கும் முந்திய தலைமுறையில் வடமராட்சிக் கரைகளில் நடந்த கடல் வணிகத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதைக் குற்றம் என்று அவர்களில் பலர் இன்றும் சொல்லமாட்டார்கள். சட்டம் ஒன்றாகவும் ஊரின் மனம் வேறாகவும் இருக்கும் அந்த இடைவெளிதான் இந்தத் துறையின் மிகச் சுவையான ஆராய்ச்சிப் பொருள் என்பது என் எண்ணம்.

அந்த மதுவிலக்குக் காலத்தின் பெரும்புள்ளியான அல் கபோனை வீழ்த்தியது துப்பாக்கி அல்ல என்பது பலருக்கும் தெரியும். எப்படி வீழ்ந்தான் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கபோனின் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை, சொத்து இல்லை, கையொப்பம் இல்லை. வரித் திணைக்களத்தின் பிராங்க் வில்சன் என்ற அலுவலர், 1926 இல் ஒரு சூதாட்ட விடுதியில் கைப்பற்றப்பட்டு அலுமாரியில் தூசு பிடித்துக் கிடந்த பேரேடு ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் இலாபப் பங்கீடு எழுதப்பட்டிருந்தது. எழுதிய கை யாருடையது என்று கண்டுபிடிக்க, வங்கிகளில் பணம் வைப்பிலிட்ட படிவங்களின் கையெழுத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து, அந்தக் கணக்கப்பிள்ளையைத் தேடிப்பிடித்துச் சாட்சியாக்கினர். 1931 இல் வரி ஏய்ப்புக்காகக் கபோனுக்குப் பதினோர் ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஐந்தொகை சமப்படாவிட்டால் தூக்கம் வராத ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல கதையை என்னால் சொல்ல முடியாது.

இத்தாலியில் இதே வழியை இன்னும் ஆழமாக எடுத்துச் சென்றவர் ஜொவான்னி பல்கோனே என்ற நீதித்துறை விசாரணையாளர். சிசிலியில் சுத்திகரிக்கப்பட்ட ஹெரோயின் அமெரிக்காவில் விற்கப்பட்டு, பணம் டொலராகத் திரும்பி வருகிறது என்றால், அந்த டொலர் எங்கோ ஒரு வங்கியில் மாற்றப்பட்டே ஆகவேண்டும் என்று அவர் எண்ணினார். 1975 முதற்கொண்டு நடந்த வெளிநாட்டு நாணய மாற்றுப் பதிவுகள் அனைத்தையும் பலேர்மோ வங்கிகளிடம் கேட்டுப் பெற்று, துண்டுத் துண்டாக வாசித்தார். அந்த வேலையின் மேல்தான் 1986 பெப்ரவரியில் தொடங்கிய பெருவழக்கு எழுந்தது; 450 க்கும் மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டனர், அவர்களில் 300 க்கும் மேற்பட்டோர் 1987 டிசம்பரில் தண்டிக்கப்பட்டனர். மாஃபியாவில் அங்கத்தவராக இருப்பதையே குற்றமாக்கி, அதன் சொத்துகளைப் பறிமுதல் செய்யவும் இடமளித்த 1982 ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. இத்தாலியின் உயர்நீதிமன்றம் 1992 ஜனவரியில் தீர்ப்பை உறுதிசெய்தது. அதே ஆண்டு மே 23 இல் பல்கோனேயும் அவரது மனைவியும் மூன்று மெய்க்காவலரும், ஜூலை 19 இல் அவரது சகபாடி பவோலோ போர்செல்லினோவும் அவரது ஐந்து மெய்க்காவலரும் குண்டு வைத்துக் கொல்லப்பட்டனர்.

இதை உங்களிடம் மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. வழக்கை முன்னின்று நடத்துபவருக்கும், களத்தில் நிற்கும் புலனாய்வாளருக்கும், பெயர் போட்டு எழுதும் செய்தியாளருக்கும் ஆபத்து உண்டு, நம் நாட்டிலும் உண்டு. ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஆவணம் பார்க்கும் பெரும் எண்ணிக்கையானவர்கள் காலையில் அலுவலகம் போய் மாலையில் வீடு திரும்புகிறார்கள். மகள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்க விரும்புகிறாள் என்பதை இப்போதே முடிவு செய்யத் தேவையில்லை. இரண்டுக்கும் அடிப்படைப் படிப்பு ஒன்றுதான்.

உலகளாவிய பரப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தமையனாரின் எதிர்ப்பில் ‘அதெல்லாம் வெளிநாட்டு விஷயம்’ என்ற வாதமும் இருக்கிறது. திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் சமவாயம் 2000 நவம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, டிசம்பரில் அதே பலேர்மோ நகரில் கையொப்பத்துக்கு விடப்பட்டது. 2003 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர், சில காலம் நிலைத்திருந்து, பொருள் இலாபத்துக்காகப் பாரிய குற்றம் புரிந்தால் அது திட்டமிட்ட குற்றக் குழு என்று அது வரையறுக்கிறது. ஆட்கடத்தல், குடியேறிகளைக் களவாகக் கொண்டுசெல்லல், துப்பாக்கிகள் என்ற மூன்றுக்கும் தனித்தனி நெறிமுறைகள் அதனோடு இணைக்கப்பட்டுள்ளன. இவற்றில் முதலிரண்டும் ‘ஏஜென்சிக்காரன்’ என்ற உருவில் நம் தெருவுக்கே வந்துபோனவை.

அண்மைக்கால உதாரணம் மியன்மார். டொலரில் சம்பளம், கணினி முன் இருந்து செய்யும் வேலை, தாய்லாந்தில் அலுவலகம் என்று சொல்லி, சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள், பாங்கொக்கிலிருந்து எல்லைக்கு ஏற்றப்பட்டு, ஆற்றைக் கடத்தி மியாவடிப் பகுதியின் மோசடி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். இலங்கையரும் அவர்களுள் இருந்தனர். அங்கே அவர்களது வேலை, முகம் தெரியாதவர்களிடம் இணையத்தில் பழகிப் பணம் கறப்பது, மறுத்தால் அடி. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இவ்வாறு பலவந்தப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 இல் மதிப்பிட்டது. ஊரில் யாராவது பிள்ளையை இப்படி அனுப்ப வெளிக்கிட்டால், முகவர் அனுமதிப்பத்திரம் பெற்றவரா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

பணத்தின் பாதையும் அப்படியே. ரொறன்ரோவில் ஒருவர், வங்கிக்கு வெளியே நடக்கும் பணமாற்று முறையான உண்டியலுக்குக் காசு கட்டுகிறார். அன்று பின்னேரமே நெல்லியடியில் மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர் ரூபாய்க் கட்டை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார். எந்தப் பணமும் கடல் கடக்கவில்லை. இரு முனைகளிலும் இருக்கும் இரு கணக்குகள் மட்டும் கழிபடுகின்றன. அனுப்பியவரின் காசு உழைத்த காசுதான். இங்கே கொடுக்கப்பட்ட ரூபாய் யாருடையது என்பதுதான் கேள்வி: போதைப்பொருள் விற்றவனுக்குத் தன் ரூபாயைக் கைகழுவ வேண்டியிருக்கிறது, வெளிநாட்டில் சரக்குக்குக் காசு கொடுக்க வேண்டியும் இருக்கிறது, உண்டியல் இரண்டையும் ஒரே நாளில் முடித்துக் கொடுக்கக்கூடியது. இந்த முடிச்சை ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை விளங்கிக்கொள்ளும் வேகத்தில் வேறு யாரும் விளங்கிக்கொள்ளமாட்டார்கள்.

இனி வேலைக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கலைத் (குற்றத்தில் வந்த பணத்தை நேர்மையாக வந்ததுபோல் காட்டுவதை) தடுத்தல் சட்டமும், 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டமும் வந்த பிறகு, நம் நாட்டின் ஒவ்வொரு வங்கியும் நிதிக் கம்பனியும் இதற்கென ஒரு பொறுப்பு அலுவலரை நியமித்து, பத்து இலட்சம் ரூபாவைத் தாண்டும் காசுக் கொடுக்கல்வாங்கல்களையும், தொகை எதுவாயினும் சந்தேகத்துக்கிடமானவற்றையும் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. 2025 இல் குற்றத்தின் மூலமான வருமானங்கள் பற்றிய சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சொத்தின் மூலத்தைத் தேடும் வேலை அதனால் கூடும் என்றே எதிர்பார்க்கிறேன். சுங்கம், உள்நாட்டு இறைவரி, சட்டமா அதிபர் திணைக்களம், கணக்காய்வு நிறுவனங்கள் எங்கும் இந்த அறிவு வேண்டப்படுகிறது. தமிழில் வாக்குமூலத்தையும் உறுதியையும் வாசித்து, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி, சிங்களத்தில் விளக்கக்கூடிய ஒருவர் இந்த அலுவலகங்களில் அரிதானவர் என்பதை மகள் இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளட்டும்.

எனவே முதற்பட்டத்தைக் கணக்கீட்டிலோ சட்டத்திலோ செய்வதே என் பரிந்துரை. வெட்டுப்புள்ளி இடம் கொடுத்தால் சட்டத்தை முதலிலும், அல்லாவிட்டால் கணக்கீட்டையோ வணிகத்தையோ அடுத்தும் போடச் சொல்வேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே இரண்டுக்கும் வழி உண்டு. சட்டத்தை விட்டுவிட மனமில்லை என்றால், கணக்கீடு படித்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டத்துக்குப் பின்னர் முயலலாம். அதற்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையமும் இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் ஒரு பாடத்துறையாகவே உள்ளது என்பது உண்மைதான். ஆனால் குற்றவியலை மட்டும் முதற்பட்டமாக வைத்துக்கொண்டு வேலை தேடும் பிள்ளை, ஆய்வு, சிறைச்சாலை, நன்னடத்தை என்ற குறுகிய வட்டத்துக்குள் நிற்க நேரலாம். அதை முதுமாணியில் எடுத்தால் கதவுகள் கூடுதலாகத் திறக்கும்.

தனியார் நிலையங்கள் சில, ஆறு மாத ‘குற்றப் புலனாய்வு டிப்ளோமா’ படித்தால் இன்டர்போலில் வேலை என்று துண்டுப்பிரசுரம் கொடுக்கின்றன. அதற்குக் காசு கட்டாதீர்கள். பிரான்சின் லியோன் நகரில் தலைமையகம் கொண்ட இன்டர்போல், 196 நாடுகளின் பொலிஸ் தகவல் பரிமாற்ற அமைப்பு. அங்கே இருக்கும் பொலிஸ் அலுவலர்கள் பெரும்பாலும் தத்தம் நாடுகளால் அனுப்பப்பட்டவர்கள். அதன் அலுவலர்கள் யாரையும் கைது செய்வதில்லை; ‘சிவப்பு அறிவித்தல்’ கூட ஒரு பிடியாணை அல்ல, உறுப்பு நாடுகளுக்கு விடுக்கப்படும் வேண்டுகோள் மட்டுமே. பட்டப்படிப்புக்குப் பிறகு, வங்கியிலோ கணக்காய்விலோ சில ஆண்டு அனுபவத்தோடு, மோசடிப் பரிசோதகர், பணம் தூயதாக்கல் தடுப்பு வல்லுநர் ஆகிய சர்வதேசத் தொழிற்சான்றிதழ்களுக்குத் தோற்றுவதே பயன்தரும் வழி.

இப்போதைக்கு, பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வாங்கி, சட்டம், கணக்கீடு, வணிகம் என்பவற்றுக்குக் கடந்த ஆண்டு யாழ் மாவட்ட வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று மகளே குறித்துக்கொண்டு வரட்டும். விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை எழுதுமுன் அவளையும் கூட்டிக்கொண்டு நீங்கள் ஒருமுறை என் அலுவலகத்துக்கு வாருங்கள். தமையனாரும் கதைக்க விரும்பினால், கனடாவில் இரவாகாத ஒரு நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.