அம்மா விழுந்தது புருனேயில்; சேலத்தில் யார் மேல் வழக்கு?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு அப்பா, அம்மா, மனைவி, நான் நாலு பேரும் சிங்கப்பூரில் கப்பல் ஏறினோம். சேலத்து டிராவல்ஸ் ஒன்றில் எல்லாம் சேர்த்து 4,80,000 ரூபாய் கட்டினோம். புருனேயில் கரை இறங்கி, ஆற்றுக்குள் கால் நட்டுக் கட்டிய கம்போங் ஆயர் கிராமத்தையும், அலையாத்திக் காட்டில் நீளமூக்குக் குரங்குகளையும் பார்ப்பது டூர் ப்ரோகிராமிலேயே இருந்தது. உச்சி வெயிலில் கூட்டிப்போனார்கள். ஒரு குரங்குகூடக் கண்ணில் படவில்லை. சைவச் சாப்பாடு இல்லை. கைடு எதையும் விளக்கவில்லை. படகிலிருந்து படித்துறையில் ஏறும்போது அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கை கொடுக்க ஆள் இல்லை. கப்பல் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டு ஒரு படிவம் எழுதச் சொன்னார்கள். ‘அம்மாவுக்கு முன்பே மூட்டு வலி உண்டு, கால் தடுமாறிவிட்டது’ என்று ஆங்கிலத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஊருக்கு வந்து ஆபரேஷன், 1,35,000 செலவு. டிராவல்ஸ்காரர் ‘கப்பல்காரர்கள் ஏற்பாடு’ என்கிறார். கப்பல் கம்பெனி ‘உள்ளூர் ஏஜென்ட் பொறுப்பு’ என்கிறது. ஐந்து மாதமாக மெயில் போட்டு அலுத்துவிட்டோம். இப்போது டிராவல்ஸ் 60,000 தருகிறேன் என்கிறது. அவமானமாக இருக்கிறது. இந்த மூன்று பேர் மீதும் 25 லட்சம் கேட்டு வழக்குப் போட வேண்டும்.

பதில்: அம்மாவின் கை இப்போது எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. விரல்களை மடக்க முடிகிறதா, ஒரு குடம் தண்ணீர் தூக்க முடிகிறதா? டாக்டரிடம் இதை எழுத்தில் வாங்குங்கள். நஷ்டஈடு எவ்வளவு என்பதை முடிவு செய்யப்போவது அந்தக் காகிதம்.

குரங்கு, சாப்பாடு, கைடு மூன்றையும் விட்டுவிடுங்கள். நீளமூக்குக் குரங்கு உலகத்திலேயே, புருனே இருக்கும் போர்னியோ தீவில் மட்டும்தான் உண்டு. சாயங்காலம் ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வரும், உச்சி நேரத்தில் உள்ளே போய்விடும். உச்சி வெயிலில் கூட்டிப்போனதால் உங்கள் ஏமாற்றம் நியாயம்தான். ஆனால் ‘கட்டாயம் காட்டுவோம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய அது சேவைக் குறைபாடு ஆகாது. இவற்றையெல்லாம் அடுக்கினால், கை முறிந்த விஷயம் நாலாவது பக்கத்துக்குப் போய்விடும்.

சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கரைப் பயணத்தை உங்களுக்கு விற்றது யார்? கப்பலில் ஏறிய பிறகு அங்கேயே பணம் கட்டி வாங்கியிருந்தால் ஒப்பந்தம் கப்பல் கம்பெனியோடு. துறைமுக வாசலில் பிடித்த படகு என்றால் படகுக்காரரோடு. நீங்கள் சேலத்தில் மொத்தமாகப் பணம் கட்டியிருக்கிறீர்கள், ப்ரோகிராமிலும் அது இருக்கிறது. ஆகவே விற்றவர் டிராவல்ஸ்காரர். அங்கே யாரை அவர் வேலைக்கு அமர்த்தினார் என்பது அவருக்கும் அவர்களுக்கும் உள்ள கணக்கு.

அவர் ‘நான் வெறும் புக்கிங் ஏஜென்ட்’ என்றுதான் பதில் போடுவார். அதற்கு உங்கள் ஆடிட்டரிடம் போய், உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் 2020 அக்டோபர் முதல் வாங்குபவரிடம் டிசிஎஸ் வரி வசூலித்துக் கட்ட வேண்டும். அவர் பெயரில் அந்த வரி உங்கள் கணக்கில் ஏறியிருந்தால், பேக்கேஜை விற்றவர் தான்தான் என்று வருமான வரித் துறைக்கே அவர் சொல்லியாகிவிட்டது. ஜிஎஸ்டி பில்லையும் சேர்த்து வையுங்கள். டூர் ஆபரேட்டர் என்று மொத்தத் தொகைக்கும் வரி போட்டிருந்தால் இன்னும் நல்லது.

புருனேயின் உள்ளூர் ஏஜென்டையும் படகுக்காரரையும் சேர்க்கவே வேண்டாம். கப்பல் கம்பெனிக்கு இந்தியாவில் அலுவலகம் இருந்தால் இரண்டாம் எதிர்தரப்பாகச் சேருங்கள், இல்லையென்றால் விடுங்கள். வெளிநாட்டு முகவரிக்கு நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் வாய்தா மேல் வாய்தா ஓடும். உத்தரவு வாங்கினாலும், இங்கே சொத்தும் ஆளும் இல்லாத கம்பெனியிடம் வசூலிப்பது மிகக் கடினம்.

உங்கள் ஊரிலேயே, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆணையத்தில் போடுவது என்பதை நீங்கள் கட்டிய தொகையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. அம்மாவையும் மனுதாரராகச் சேருங்கள், விழுந்தவர் அவர். ரசீதின் பின்பக்கத்தில் ‘எந்த விபத்துக்கும் பொறுப்பல்ல’ என்று ஒரு வரி இருக்கும். அது நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கச் சொல்லி மாவட்ட ஆணையத்தில் கேட்காதீர்கள். அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான். சேவைக் குறைபாடு என்று மட்டும் கேளுங்கள்.

இனி எனக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். கப்பலில் நீங்கள் எழுதிக் கொடுத்த படிவம்.

விபத்து நடந்தால் பயணியிடம் கப்பலில் எழுதி வாங்குவது வழக்கம். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று நினைக்கிறீர்கள், காலில் என்ன செருப்பு, கைப்பிடியைப் பிடித்திருந்தீர்களா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். அம்மா வலியில் துடிக்கும்போது மகன் எதையாவது நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவான். நானும் போட்டிருப்பேன். ஆனால் சம்பவம் நடந்த அன்றே காயம்பட்டவர் தரப்பு தன் கையால் எழுதியது என்பதால், பிறகு வக்கீல் எழுதும் பத்துப் பக்க மனுவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கும் ஒருவர், வேறொரு நாட்டில் படகுப் பயணத்தில் கணுக்கால் முறிந்து என்னிடம் வந்தார். பார்த்துக்கொண்ட நர்ஸ் அன்பாக இருந்தார் என்பதற்காக, யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று ‘என் கவனக்குறைவு’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். என்னிடம் அதைச் சொல்லவில்லை. மனுவில் படி உடைந்திருந்தது என்று எழுதினோம். எதிர்தரப்பு அந்த ஒற்றைத் தாளைத் தாக்கல் செய்தது. படி உண்மையிலேயே உடைந்துதான் இருந்தது, போட்டோகூட இருந்தது. அப்புறம் அதை நம்ப ஆள் இல்லை. வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

ஆகவே முதல் வேலையாக அந்தப் படிவத்தின் நகலையும் கப்பல் மருத்துவக் குறிப்பையும் கேட்டு மெயில் போடுங்கள். அது கைக்கு வராமல் நோட்டீஸில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். மூட்டு வலியை மறைக்கவும் கூடாது. டிராவல்ஸில் புக் செய்யும்போது ‘அம்மாவுக்கு மூட்டு வலி, ஏறி இறங்குவது கஷ்டம்’ என்று வாட்ஸ்அப்பில் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? தேடுங்கள். ஒரு வரி கிடைத்தாலும் போதும், உங்களுக்கு எதிராக இருந்த படிவம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். தெரிந்தும் அப்படிப்பட்டவரைக் கை கொடுக்க ஆள் இல்லாமல் படகிலிருந்து படியேற்றினார்கள் என்று சொல்லலாம்.

விழுந்தார் என்பது மட்டும் குறைபாடு ஆகாது. நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. புருனே ஆற்றில் கடல் ஏற்ற இறக்கம் உண்டு. தண்ணீர் வற்றும் நேரத்தில் கீழ்ப்படிகள் பாசியோடு வெளியே தெரியும். அன்று அம்மா ஏறியது அந்தப் படியா? கைப்பிடி இருந்ததா? உங்கள் நாலு பேர் போனிலும் இருக்கும் படங்களை ஒன்றுவிடாமல் பாருங்கள். மறுநாள் யாராவது ‘சூப்பர் டிரிப்’ என்று சிரித்த முகத்தோடு பதிவு போட்டிருந்தால் எனக்குச் சொல்லிவிடுங்கள். அழிக்காதீர்கள், அழித்தது தெரிந்தால் இன்னும் மோசம்.

காலக்கெடு 2 வருடம், அம்மா விழுந்த நாளிலிருந்து. மெயில் போய்க்கொண்டிருப்பதால் அது நீளாது. ‘பரிசீலிக்கிறோம், பரிசீலிக்கிறோம்’ என்ற பதிலை நம்பிக் கெடுவைத் தாண்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, அதை நம்பி இருக்காதீர்கள்.

25 லட்சம் கிடைக்காது. மணிக்கட்டு முறிவுக்கு ஆஸ்பத்திரிச் செலவும், மனவேதனைக்கு ஒரு தொகையும் தருவார்கள். நான் பார்த்த வரையில் அந்த மனவேதனைத் தொகை சில ஆயிரங்கள், மிஞ்சினால் ஒன்றிரண்டு லட்சம். அதற்கும் பிறகு மேல்முறையீடு இருக்கிறது. ஆகவே என் யோசனை, பேசி முடியுங்கள். 60,000 குறைவு. ஆனால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் போகும் முன்பே ஒருவர் பணம் தர முன்வருகிறார் என்றால் தன் பக்கம் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரியும். 26ஏஎஸ் நகலோடு ஒரு நோட்டீஸ் போனால் தொகை ஏறும். இரண்டு லட்சம் கேளுங்கள். ஒன்றரை லட்சத்துக்கு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் பயண இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் இன்றைக்கே தகவல் கொடுங்கள். தாமதம் ஒன்றையே காரணமாகக் காட்டி நியாயமான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏ 2011லேயே சொல்லியிருக்கிறது. டிராவல்ஸ்காரர் நீட்டும் ரசீதில் ‘இனி எவர் மீதும் எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குக் கொடுத்த பணத்தை டிராவல்ஸிடம் திருப்பிக் கேட்கும் உரிமை பல பாலிசிகளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்டு. அதை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று சொல்லி கிளெய்மை நிறுத்திவிடுவார்கள். பாலிசியின் அந்த நிபந்தனையைப் படித்த பிறகு ரசீதை நாம் எழுதுவோம். யார் மேல் உள்ள கோரிக்கை, எந்தச் சம்பவம், எவ்வளவு தொகை, இன்சூரன்ஸ் உரிமை நீங்கலாக என்று நாலே வரி. பணம் அம்மாவின் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்து. பிறகு வரப்போகும் தேதி போட்ட செக் வாங்காதீர்கள்.