மூச்சுப் பயிற்சி போதுமா?

கேள்வி: நான் மனநல ஆலோசகராகி இரண்டு வருடம் ஆகிறது. பழைய சக ஊழியர் ஒருவர் ஏழு மாதமாகப் பின்தொடர்வதாகச் சொல்லி ஒரு பெண் என்னிடம் வருகிறார். தூக்கமே இல்லை. மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன், பலனில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: எப்படிம்மா பலிக்கும்? ஆள் இன்னமும் தெருமுனையில் நிற்கிறானே! இது முடிந்துபோன அதிர்ச்சி இல்லை, நடந்துகொண்டிருக்கும் ஆபத்து. அவர் பயத்தை முதலில் நம்புங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு பெண்ணிடம், "கண்டுக்காதீங்க, போயிடுவான்" என்றிருக்கிறேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை.

ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள்: தேதி, நேரம், இடம், கூட இருந்தவர் யார். வந்த மெசேஜ்களை அருவருப்பில் அழித்துவிடுவார்கள்; ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தோழியிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவின்படி இப்படிப் பின்தொடர்வது குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. புகார் கொடுப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கொடுத்தபின் அவன் சீறினால் எங்கே தங்குவது என்பதையும் சேர்ந்து யோசியுங்கள். பெண்கள் உதவி எண் 181 கைவசம் இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் கிளினிக். வாராவாரம் அதே கிழமை, அதே நேரம் என்றால் அவனுக்கும் பழகிவிடும், மாற்றுங்கள். "அவங்க வந்தாங்களா?" என்று போனில் கேட்பவர் அண்ணன் என்றே சொன்னாலும், வரவேற்பில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது.