ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டியும் ஒரு புற்றுநோய் மருந்தும்: கேள்வி பதில்

கருவில் செல்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன, அந்தப் பேச்சு புற்றுநோயில் எப்படிக் கெடுகிறது என்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. பலர் என்னை 'டாக்டர்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களோடு காலம் தள்ளியவள் நான், மருத்துவர் இல்லை.

பிளஸ் டூ மாணவி: மேடம், எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான். பிறகு கண்ணாகு, கல்லீரலாகு என்று யார் சொல்வது?

பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் செல்கள்தான். ஒரு செல் புரதம் ஒன்றை வெளியே விடும். அடுத்த செல்லின் மேலிருக்கும் ஏற்பி அதைப் பிடிக்கும். செய்தி உட்கருவுக்குப் போய்ச் சில மரபணுக்களை எழுப்பும், சிலவற்றைத் தூங்க வைக்கும். 1924ல் ஜெர்மனியில் ஹில்டே மாங்கோல்டும் ஹான்ஸ் ஸ்பீமனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நீர்ப்பல்லி போன்ற நியூட்டின் கருவிலிருந்து சிறு துண்டை வெட்டி, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் வைத்தார்கள். அங்கே இரண்டாவது உடலே உருவாகத் தொடங்கியது. வந்த துண்டு கொஞ்சம்தான். அதன் பேச்சைக் கேட்டு, தோலாகியிருக்க வேண்டிய உள்ளூர்ச் செல்கள் நரம்புக் குழாயாகிவிட்டன. மாங்கோல்டு அதே ஆண்டு தீ விபத்தில் இறந்தார். 1935ல் நோபல் ஸ்பீமனுக்கு மட்டும் வந்தது.

ஐடி வேலையில் இருப்பவர்: 'சானிக் ஹெட்ஜ்ஹாக்' என்று ஒரு மரபணுவாமே, கிண்டலா?

கிண்டல் இல்லை, உண்மைதான். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷவுஸும் ஈக்களில் மரபணுக்களைக் கெடுத்துப் பார்த்து 1980ல் எழுதினார்கள். அப்படிக் கெடுத்த ஒரு வகை ஈயின் இளம்புழுவுக்கு உடல் குறுகி, வெறுமையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் முள் முளைத்தது. அதனால் ஹெட்ஜ்ஹாக், முள்ளெலி. பின்னர் நம்மிடம் மூன்று ஹெட்ஜ்ஹாக்குகள் தெரியவந்தன; ஒன்றுக்கு வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். குழந்தையின் குறையை விளக்கப் பெற்றோர் முன்னால் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய மருத்துவரை நினைத்துப் பாருங்கள்!

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் ஆடுகள் ஒற்றைக் கண் குட்டிகளை ஈன்றன. முதலில் பரம்பரைக் கோளாறு என்று சந்தேகித்தார்கள். ஆண்டுக்கணக்கில் துருவியதில் குற்றவாளி ஒரு காட்டுச் செடி என்று தெரிந்தது. சினை பிடித்த 14ஆம் நாளை ஒட்டி மேய்ந்தால்தான் இந்த ஆபத்து. அந்தச் சில நாள் மந்தையை வேறு பக்கம் ஓட்டினால் போதும். செடியின் நஞ்சுக்கு சைக்ளோபமைன் என்று பெயர். அது ஏன் கண்ணைத் தாக்குகிறது என்பது 1990களின் பிற்பாதியில்தான் விளங்கியது. சானிக் ஹெட்ஜ்ஹாக் இல்லாத சுண்டெலிக் கருவுக்கும் ஒரே கண். முகத்தை இடம் வலம் என்று பிரிக்க, அந்த மரபணு உருவாக்கும் செய்திப் புரதம் வேண்டும். நஞ்சு செய்தியைப் பாதி வழியில் மறித்துவிடுகிறது.

அப்பாவுக்குத் தோல் புற்றுநோய் வந்த ஒருவர்: இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

செல்லின் மேல் 'பேட்ச்டு' என்ற காவல்காரப் புரதம் இருக்கிறது. அது 'ஸ்மூதண்டு' என்ற இன்னொரு புரதத்தை அடக்கி வைத்திருக்கும். ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டைப் பிடித்தால்தான் ஸ்மூதண்டுக்கு விடுதலை, செல்லுக்கு வளர அனுமதி. பேட்ச்டு மரபணுவே பழுதானால் யாரும் கதவைத் தட்டாமலே கதவு திறந்து கிடக்கும். பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோயில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

ஆட்டுக்குட்டிக் கதை இங்கே உதவிக்கு வந்தது. சைக்ளோபமைன் மறிப்பது அதே ஸ்மூதண்டைத்தான். அதையே மறிக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்து, முற்றிய பேசல் செல் புற்றுநோய்க்கு 2012ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பக்கவிளைவுகளில் நாக்கில் ருசி போவதும் முடி கொட்டுவதும் உண்டு. சுவை மொட்டும் மயிர்க்காலும் வளர்ந்த உடலிலும் புதுப்பித்துக்கொண்டே இருப்பவை. அங்கே புதுச் செல்களைத் தரும் மூலச் செல்களுக்கும், அதாவது ஸ்டெம் செல்களுக்கும், இதே செய்திதான் வேண்டும். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது, ஏன் என்று மேலே படித்தீர்கள். அப்பாவுக்கு இது பொருந்துமா என்று அவருடைய மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையே போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: அப்படியானால் புற்றுநோய் என்பது கருச்செல் மாதிரி ஆகிவிட்ட செல்லா?

முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன் ஐயா. மொழி ஒன்று, நேரமும் இடமும் தப்பு என்பேன். குடலின் உட்தோல் நாலைந்து நாளில் புதிதாகிறது. அங்குள்ள ஸ்டெம் செல்களை ஓட்டுவது 'விண்ட்' என்ற செய்தி. அதற்கு பிரேக் போடும் ஏபிசி (APC) மரபணு பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் கெட்டிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1975ல் பீட்ரிஸ் மின்ட்ஸும் கார்ல் இல்மென்சீயும் செய்தது. டெரட்டோகார்சினோமா என்ற கட்டியின் செல்களைச் சுண்டெலியின் இளங்கருவுக்குள் வைத்தார்கள். சுற்றியிருந்த செல்களின் பேச்சைக் கேட்டு அவை ஒழுங்காகி, ஆரோக்கியமான எலியின் உறுப்புகளில் பங்காகின. எல்லாப் புற்றுநோயும் இப்படி அடங்காது. அந்தக் கட்டி கருச்செல்லுக்கு மிக நெருங்கிய உறவு.

ஒரு பாட்டி: பேரனுக்குக் கையில் ஆறு விரல். அதிர்ஷ்டம் என்கிறார்கள்.

அதிர்ஷ்டம் பற்றி எனக்குத் தெரியாது அம்மா. கையில் விரல் வரிசையை வகுப்பதிலும் சானிக் ஹெட்ஜ்ஹாக்குக்குப் பங்கு உண்டு. கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் வரும் சில குடும்பங்களில், அந்த மரபணுவை இயக்கும் சுவிட்சில் எழுத்துப்பிழை இருக்கும். சுவிட்ச் மரபணுவிலிருந்து சுமார் பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்து தள்ளி இருக்கிறது. குழந்தைகள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இன்னொருவர்: முட்டிக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு வளருமா? லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்றுதான் அப்போது இங்கே ஏற்கப்பட்டிருந்த சிகிச்சை. மற்றதெல்லாம் அப்போது ஆய்வு, முறையான ஆய்வில் சேருபவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்றது அது. ஸ்டெம் செல்லை ஓரிடத்தில் விட்டால் போதாது, என்ன ஆக வேண்டும் என்று அதற்குச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் முட்டியில் இப்போது அந்தப் பேச்சு நடப்பதில்லை.